ஏற்காடு மேட்டில் திணறும் டர்போ டீசல் வண்டி: டீசல் பிரஷர் குறைவை வரிசையாகத் தேடிப் பிடிக்கும் முழு வழிகாட்டி

சேலம் டவுனுக்குள் நல்லபடியாக ஓடும் வண்டி, லோடு ஏற்றிக்கொண்டு அடிவாரம் தாண்டியதும் திணற ஆரம்பிக்கும். எட்டாவது, ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு வரும்போது ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும் ஏறாது. எஞ்சின் விளக்கு எரியும். ஸ்கேனர் மாட்டினால் பி 0087 என்று கோடு, அதாவது கோளாறு எண், வரும். ரெயிலில், அதாவது ஹை பிரஷர் பம்ப் தள்ளும் டீசலைத் தேக்கி எல்லா இன்ஜெக்டருக்கும் பகிரும் குழாயில், பிரஷர் குறைவு என்று பொருள். அதைப் பார்த்த கையோடு "பம்ப் போச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

பிரஷர் எங்கே குறைகிறது என்று அந்தக் கோடு சொல்வதில்லை. டேங்கின் மூடியில் இருந்து இன்ஜெக்டரின் ரிட்டர்ன் (மிச்ச டீசல் திரும்பிப் போகும் குழாய்) வரைக்கும் எங்கே கோளாறு இருந்தாலும் அதே எண்தான் வரும். என் கைக்கு வந்த வண்டிகளில் ஹை பிரஷர் பம்ப் நிஜமாகவே போயிருந்தவை கொஞ்சம்தான். பம்புக்கு டீசல் ஒழுங்காக வந்து சேராதவைதான் மிச்சமெல்லாம். அதனால் கீழே உள்ள வரிசை செலவில்லாததில் தொடங்கிப் பம்பில் முடிகிறது. நடுவில் தாவாதீர்கள்.

காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே ரெயில்) உள்ள பிக்கப் வண்டிக்கும் ஆறு சக்கர லாரிக்கும் இது பொருந்தும். சூப்பர்சார்ஜர் உள்ள வண்டி நம்ம பக்கம் அபூர்வம். எஞ்சின் பெல்ட் போட்டுச் சுற்றினால் சூப்பர்சார்ஜர், சைலன்சருக்குப் போகும் புகை சுற்றினால் டர்போ. இரண்டும் காற்றைத் திணிக்கின்றன. திணித்த காற்றுக்கு ஈடாக டீசல் வராவிட்டால் இரண்டு வண்டியும் ஒரே மாதிரிதான் திணறும்.

1. ஸ்பேனரை எடுக்கும் முன் டிரைவரிடம் கேளுங்கள்

பானட்டைத் திறக்கும் முன் ஐந்து நிமிடம் பேசினால் அரை நாள் வேலை மிச்சம். கடைசியாக ஃபில்டர் மாற்றியது எப்போது, எங்கே? டீசல் எந்தப் பங்கில்? கோளாறு வரும்போது டேங்கில் எவ்வளவு இருந்தது? எம்ப்டியாக ஏறும்போதும் வருகிறதா, லோடுக்கு மட்டுமா?

முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: "நின்ன பிறகு என்ன பண்ணீங்க?" "பத்து நிமிஷம் ஆஃப் பண்ணிட்டு எடுத்தா மறுபடி ரெண்டு வளைவு ஏறுதுங்க" என்று சொன்னால் என் கண் டேங்கு பக்கம் போகும். உறிஞ்சும் வழியில் அடைப்பு இருந்தால், எஞ்சின் நின்றதும் உறிஞ்சல் தளர்ந்து டீசல் மெதுவாக நிரம்பிக்கொள்ளும். "சூடானாத்தான் வருது, சூட்டுல செல்ஃபும் லேட்டா எடுக்குது" என்றால் இன்ஜெக்டர் லீக் ஆஃபை (ரிட்டர்னில் அளவுக்கு மீறிக் கசிவதை) குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் டீசல் நீர்த்துப்போய் தேய்ந்த இடைவெளி வழியாக அதிகம் கசியும்.

புகையையும் கேளுங்கள். கறுப்பாகத் தள்ளினால் டீசல் வருகிறது, காற்றுதான் போதவில்லை: இன்டர்கூலர் ஹோஸ், டர்போ, ஏர் ஃபில்டர் பக்கம் பாருங்கள். புகையே இல்லாமல் சத்தம் அடங்கிப்போனால் டீசல் குறைவு. பி.எஸ்.6 (2020 ஏப்ரல் முதல் வந்த புகை விதி) வண்டியில் சைலன்சர் வழியில் கரியைப் பிடிக்கும் புகைப் பொறி எல்லாவற்றையும் மறைத்துவிடும், அங்கே இந்தக் குறியை நம்ப வேண்டாம்.

2. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

லைவ் டேட்டா காட்டும் ஸ்கேனர். கோடு மட்டும் படிக்கும் சின்னக் கருவி இந்த வேலைக்கு உதவாது. டீசலைத் தாங்கும் கண்ணாடி மாதிரியான ஹோஸ் இரண்டு மீட்டர். வெற்றிட கேஜ் ஒன்று, 0 முதல் 10 பார் வரை காட்டும் பிரஷர் கேஜ் ஒன்று. மல்டிமீட்டர், டார்க் ரெஞ்ச். சிலிண்டருக்கு ஒன்றாக ஒரே அளவு பாட்டில்கள். புது காப்பர் வாஷர்கள். கழற்றிய வாய்களை அடைக்கச் சுத்தமான மூடிகள். தீயணைப்பான், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி.

துடைக்க நூல் உதிராத துணி. காட்டன் வேஸ்ட்டை இந்த வேலையில் கிட்டேயே கொண்டுவரக் கூடாது. அதன் ஒரு நூல் மீட்டரிங் யூனிட்டுக்குள் (ஹை பிரஷர் பம்புக்குள் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்று அளந்து விடும் வால்வு) போனால் நீங்கள் தேட வந்த கோளாறை நீங்களே உண்டாக்கியிருப்பீர்கள்.

3. ஓடும் எஞ்சினில் ஹை பிரஷர் நட்டைத் தொடாதீர்கள்

பழைய இன்லைன் பம்ப் வண்டியில் கை பழகியவர்களுக்கு ஒரு வழக்கம்: எஞ்சின் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பது. நானும் அப்படித்தான் கற்றேன். காமன் ரெயிலில் அதைச் செய்தால் ஆஸ்பத்திரிதான். ஐடிலிலேயே ரெயிலில் 250 முதல் 400 பார் இருக்கும், முழு லோடில் 1600 பாரைத் தாண்டும். அந்த வேகத்தில் வரும் டீசல் கீற்று தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய புள்ளி மாதிரிதான் தெரியும், உள்ளே சதை அழுக ஆரம்பித்துவிடும். அப்படிப் பட்டுவிட்டால் வலியில்லாவிட்டாலும் அந்த நிமிடமே டாக்டரிடம் போக வேண்டும்.

லீக் தேட விரலை ஓட்டாதீர்கள், ஒரு அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். கழற்ற வேண்டுமென்றால் எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டு, ஸ்கேனரில் ரெயில் பிரஷர் பூஜ்யத்துக்கு வந்ததா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

4. ஸ்கேனரில் இரண்டு எண்களைச் சேர்த்துப் பாருங்கள்

எஞ்சினின் கம்ப்யூட்டர் கேட்கும் ரெயில் பிரஷர் ஒன்று, ரெயிலில் உண்மையில் இருக்கும் பிரஷர் இன்னொன்று. புதிதாக வருகிறவர்கள் இரண்டாவதை மட்டும் பார்த்துவிட்டு "எழுநூறுதான் இருக்கு, கம்மி" என்கிறார்கள். கேட்டதே எழுநூறு என்றால் அது கம்மி இல்லை.

கேட்டது 1400, வந்தது 900 என்று பள்ளம் விழுந்தால் டீசல் வரத்தில் குறை, அல்லது எங்கோ கசிகிறது. இந்த வழிகாட்டி அதற்குத்தான்.

கேட்டதே குறைவாக இருந்து, வந்ததும் அதற்குச் சமமாக இருந்தால் டீசல் லைனை விட்டுவிடுங்கள். கம்ப்யூட்டர் வேண்டுமென்றே இழுவையைக் குறைக்கிறது. பி.எஸ்.6 வண்டியில் ஆட்ப்ளூ (புகையைச் சுத்தம் செய்யத் தெளிக்கும் திரவம்) கோளாறு, பெடல் சென்சார், பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம்) குறைவு இவற்றைத் தேடுங்கள். பூஸ்ட் சென்சாரைச் சோதிக்க நம்ம ஊரில் ஒரு சுலப வழி உண்டு. எஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் போட்டால் அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். சேலத்தில் 98 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்கும், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் 85ஐ ஒட்டி வரும். இரண்டு இடத்திலும் ஒரே எண் காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது.

இரண்டு எண்ணும் ஒத்துப்போகாமல் வந்தது மட்டும் மேலும் கீழும் துள்ளினால் லைனில் காற்று, அல்லது மீட்டரிங் யூனிட் ஒட்டுகிறது.

5. மேட்டில் ஓட்டி அளவெடுங்கள்

ஐடிலில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கிப் பார்ப்பதும் போதாது, லோடு இல்லாமல் எஞ்சின் அதிகம் டீசல் கேட்பதில்லை. கோளாறு எங்கே வருகிறதோ அங்கே போய்த்தான் அளக்க வேண்டும்.

நாங்கள் கோரிமேடு வழியாக அடிவாரம் போய், வார நாளில் விடிந்ததும் ஏறுவோம். சனி ஞாயிறிலும் மே மாதக் கோடை விழா சமயத்திலும் போகாதீர்கள், ஏறுகிற வண்டி வரிசையில் ஒரே கியரில் இருபது விநாடி முழுசாக மிதிக்க இடம் கிடைக்காது. தொப்பூர் கணவாயில் சோதனை செய்யலாமா என்று பையன்கள் கேட்பார்கள். வேண்டாம். அங்கே ஓடும் லாரிகளுக்கு நடுவில் நம் வண்டி திடீரென்று சாவது யாருக்கும் நல்லதில்லை.

ஓட்டுகிறவர் ஓட்ட மட்டும் செய்யட்டும், ஸ்கேனரை இன்னொருவர் பிடிக்க வேண்டும். வழக்கமான லோடில் முக்கால் பங்காவது வண்டியில் இருக்கட்டும். இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் 1500 முதல் 2000 சுற்றுக்குள் வைத்து, பெடலை முழுசாக மிதித்து இருபது விநாடி பிடியுங்கள். கேட்டது, வந்தது, மீட்டரிங் யூனிட் திறப்பு, பூஸ்ட் நான்கையும் பதிவு செய்யுங்கள். மிதித்தவுடனே பள்ளம் விழுகிறதா, பத்து விநாடி கழித்தா என்பதைத் தனியாகக் குறியுங்கள். கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துவிட்டுச் சரிந்தால் பெரும்பாலும் வரத்துக் குறைவு: ஃபில்டருக்குள் இருந்த டீசல் தீரும் வரை ஓடுகிறது, அப்புறம் திணறுகிறது.

மேட்டில் மட்டும் ஏன் இந்தக் கோளாறு வெளிப்படுகிறது என்றால், முதல் காரணம் லோடு. அதோடு இன்னும் இரண்டு சேர்கின்றன. டேங்கில் இருக்கும் டீசல் பின்பக்கம் சாய்ந்து, உறிஞ்சு குழாயின் வாய் வெளியே வரலாம். பம்ப் டீசலை உறிஞ்சுகிறது என்று சொல்கிறோம், ஆனால் டீசலைத் தள்ளிவிடுவது டேங்கின் மேல் இருக்கும் வெளிக்காற்று. மேலே போகப் போக அந்தத் தள்ளுதல் குறையும். கீழே 98 இருந்த இடத்தில் மேலே 85. சேலத்தில் சமாளித்த சின்ன அடைப்பு மலையில் சமாளிக்காது.

6. டேங்க்

காசு செலவில்லாத சோதனை முதலில். மேட்டில் வண்டி திணறியதும் பாதுகாப்பான இடத்தில் ஓரம்கட்டி டேங்க் மூடியைத் திறங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறது. மண்ணோ குளவிக் கூடோ அடைத்திருக்கும். சுத்தம் செய்யுங்கள், மூடி கெட்டிருந்தால் மாற்றுங்கள். மூடியைத் தளர்த்தி வைத்துக்கொண்டே ஓட்டுவது தீர்வாகாது. வளைவில் டீசல் சிந்தினால் பின்னால் வரும் பைக்காரர் விழுவார்.

அடுத்து டேங்கின் அடியிலிருந்து ஒரு லிட்டர் டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுதும் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனிக் கோடாகப் பிரிந்து நிற்கும். டேங்கின் உள்ளே டார்ச் அடித்தும் பாருங்கள். நான் டேங்குக்குள் பார்த்தவை: பாலித்தீன் துண்டு, கேனின் உள் மூடி, துடைத்த துணி. உறிஞ்சு குழாயின் வலையில் வந்து ஒட்டிக்கொண்டு, எஞ்சின் நின்றதும் விலகிப் போய்விடும்.

7. ஃபில்டர்: மாற்றுவதைவிட மாட்டும் விதம் முக்கியம்

ஃபில்டர் பழசு என்றால் மாற்றிவிடுங்கள், சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். பழைய ஃபில்டரை அறுத்துத் தாளை விரித்துப் பாருங்கள். கறுப்பு வழவழப்பு என்றால் தண்ணீரோடு பாசி வளர்ந்திருக்கிறது, டேங்கைக் கழுவாமல் புது ஃபில்டர் நிலைக்காது. துரு மணல் மாதிரி இருந்தாலும் அதே கதை.

இங்கேதான் எல்லாரும் செய்யும் தப்பு வருகிறது. புது ஃபில்டரின் நடு ஓட்டையில் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பி மாட்டுகிறார்கள், சீக்கிரம் ஏர் போகும் என்று. பெரும்பாலான ஃபில்டரில் நடு ஓட்டை சுத்தமான டீசல் வெளியேறும் பக்கம். கேன் அழுக்கு முழுதும் வடிகட்டப்படாமல் நேரே பம்புக்குப் போகும். காலியாக மாட்டி, கை பிரைமரை (கையால் அழுத்தி டீசலை ஏற்றும் சின்னப் பம்ப்) அடித்து நிரப்புங்கள். பிரைமர் கல் மாதிரி இறுகும் வரை அடிக்க வேண்டும். கை வலிக்கிறது என்று செல்ஃப் போட்டு ஏர் எடுக்காதீர்கள். ஹை பிரஷர் பம்புக்கு எண்ணெயும் டீசல்தான், வறண்டு சுற்றினால் உள்ளே கீறிவிடும். எலெக்ட்ரிக் பம்ப் உள்ள வண்டியில் சாவியைப் போட்டு அணைத்து, நாலைந்து முறை செய்தால் போதும்.

டீசலில் இருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரின் கிண்ணத்தில் உள்ள ரப்பர் வளையத்தையும் புதுசாகப் போடுங்கள். பழைய வளையம் டீசலைச் சிந்தாமலே காற்றை உள்ளே விடும். எப்படி என்பது அடுத்த படியில்.

8. சக்சன் லைன்: பெரும்பாலும் இங்கேதான்

உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் டீசல் சொட்டாது, காற்று உள்ளே போகும். இதை மண்டையில் ஏற்றிக்கொள்ளாதவர்கள் லைன் முழுதும் தடவிப் பார்த்துவிட்டு "ஈரமே இல்ல, லீக் இல்ல" என்கிறார்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது மெல்லிய ஈரம் கசிந்து, அதில் தூசி ஒட்டிக் கறுப்புத் திட்டாக இருக்கும். அந்தத் திட்டைத் தேடுங்கள்.

முதல் சோதனை கண்ணாடி ஹோஸ். பம்புக்குள் நுழையும் இடத்தில் ஒரு அடி நீளம் இதை மாட்டி, 2000 சுற்றில் ஓட்டுங்கள். மாட்டியவுடன் குமிழி வருவது இயல்பு. ஐந்து நிமிடம் கழித்தும் சோடா மாதிரி நுரைத்து வந்தால் எங்கோ காற்று நுழைகிறது. அந்த ஹோஸை ஒவ்வொரு இணைப்புக்கும் பின்னால் நகர்த்தி டேங்க் பக்கம் போய்க்கொண்டே இருங்கள். எந்த இணைப்பைத் தாண்டியதும் குமிழி நிற்கிறதோ அந்த இணைப்புதான். பேன்ஜோ போல்ட்டில் (நடுவில் டீசல் போக ஓட்டையுள்ள போல்ட்) பழைய காப்பர் வாஷரை மறுபடி போட்டிருப்பார்கள், அல்லது ஹோஸ் கிளிப் நூல் அளவு தளர்ந்திருக்கும்.

காற்று இல்லை, ஆனால் வரத்துக் குறைவு என்றால் வெற்றிட கேஜ். பம்பின் வாயிலில் டி வடிவ இணைப்புப் போட்டு மாட்டுங்கள். டேங்கில் எலெக்ட்ரிக் பம்ப் இல்லாமல் உறிஞ்சி எடுக்கும் வண்டிகளுக்கு எங்கள் கைக்கணக்கு இது: புது ஃபில்டரோடு 0.2 பாருக்குள் இருந்தால் நிம்மதி, 0.35ஐத் தாண்டினால் எங்கோ அடைப்பு. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு எல்லை இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் என்னை இரண்டு நாள் அலைக்கழித்த ஒரு வண்டியைச் சொல்ல வேண்டும். லீ பஜாரில் மளிகை ஏற்றி ஏற்காட்டுக்கு ஏறும் பிக்கப். வேறொரு பட்டறையில் ஹை பிரஷர் பம்பையே மாற்றியிருந்தார்கள், வண்டி அதே ஒன்பதாவது வளைவில்தான் நின்றது. டிரைவர் அண்ணன் நொந்துபோய் வந்தார். "தம்பி, பம்ப் மாத்துன காசுக்கு ரெண்டு மாச டியூ கட்டியிருப்பேன்." ஃபில்டர் புதுசு, டேங்க் சுத்தம், குமிழி இல்லை. கேஜ் போட்டால் ஐடிலில் 0.1, மிதித்தால் 0.5க்குப் போகிறது.

ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஊதிப் பார்த்தேன், எல்லாம் தாராளமாக விட்டது. மறுநாள் வேறு வழி யோசித்து, எஞ்சின் ஓடும்போதே ஹோஸ்களை விரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். சேஸிஸை ஒட்டி வளையும் இடத்தில் ஒரு ஹோஸ், மிதிக்கும்போது மட்டும் தட்டையாக இறுகியது. கழற்றி நீளவாக்கில் அறுத்தால், வெளி ரப்பர் புதுசு மாதிரி, உள் பூச்சு மட்டும் உரிந்து நாக்கு மாதிரி தொங்குகிறது. ஊதினால் நாக்கு ஒதுங்கி வழிவிடும், உறிஞ்சினால் மடங்கி அடைக்கும். டீசலுக்கு ஆகாத சாதா தண்ணீர் ஹோஸை எப்போதோ யாரோ மாட்டியிருக்கிறார்கள். ஒன்றரை அடி டீசல் ஹோஸ், இரண்டு கிளிப். வண்டி இருபது வளைவும் ஏறியது.

அதற்குப் பிறகு நான் ஊதிப் பார்ப்பதை விட்டுவிட்டேன். சந்தேகம் வந்தால் கேன் சோதனைதான். சுத்தமான டீசல் கேனை டேங்கின் மட்டத்திலேயே வைத்து, புது ஹோஸில் நேரே பம்ப் வாயிலுக்கு இணைத்து எஞ்சினை ஓட்டுங்கள். கேஜில் வெற்றிடம் குறைந்தால் கோளாறு டேங்குக்கும் அந்த இணைப்புக்கும் நடுவில். இணைப்பை ஒவ்வொரு கட்டமாகப் பின்னுக்கு நகர்த்தினால் இடம் தானாகவே அகப்படும். கேனைக் கேபினுக்குள் வைத்துக்கொண்டு ரோட்டில் ஓட்டாதீர்கள், பட்டறைக்குள் மட்டும் செய்யுங்கள்.

9. ஃபீடு பம்ப்

ஃபீடு பம்ப் என்பது டேங்கிலிருந்து ஹை பிரஷர் பம்புக்கு டீசலைக் கொண்டுவருவது. டேங்குக்குள் எலெக்ட்ரிக் பம்ப் உள்ள வண்டியில் வெற்றிட கேஜுக்குப் பதில் பிரஷர் கேஜ். பெரும்பாலும் 4 முதல் 6 பார் வரும். ஐடிலில் இருக்கும் பிரஷர் மிதித்த பிறகும் நிற்க வேண்டும். சரிந்தால் பம்பைக் குறை சொல்லும் முன் பம்பின் கனெக்டரிலேயே வோல்டேஜ் அளவெடுங்கள். பேட்டரியில் இருப்பதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயரிங், ரிலே அல்லது பச்சைப் பூத்த எர்த். மழைக்காலத்தில் மலை வண்டிகளுக்கு இந்தப் பச்சை அடிக்கடி பிடிக்கும்.

ஹை பிரஷர் பம்போடு சேர்ந்த கியர் ஃபீடு பம்ப் என்றால், வாயிலில் வெற்றிடம் சரியாக இருந்து வெளியே பிரஷர் வராவிட்டால் அதுதான் தேய்ந்திருக்கிறது. பல மாடல்களில் அதை மட்டும் தனியாக மாற்றலாம், முழு பம்ப் விலையோடு ஒப்பிட்டால் சொற்பம்.

10. ரிட்டர்ன்: வந்த டீசல் எங்கே போகிறது

வரத்து சரி என்று நிரூபித்த பிறகுதான் இந்தப் படி. இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கண்ணாடி ஹோஸைப் பாட்டிலுக்கு விடுங்கள். எஞ்சின் சூடாக இருக்கட்டும். மூன்று நிமிடம் ஐடிலில் ஓட்டிப் பாட்டில்களை வரிசையாக வையுங்கள். மொத்த அளவைவிட ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசம் முக்கியம். மூன்று பாட்டிலில் விரல் கனம், நாலாவதில் பாதிப் பாட்டில் என்றால் நாலாவது இன்ஜெக்டர்தான் பிரஷரை விழுங்குகிறது. எல்லாமே அதிகம் என்றால் கையேட்டின் எல்லையோடு ஒப்பிடுங்கள்.

பைசோ இன்ஜெக்டர் (மின்சாரம் பட்டால் விரியும் படிகத்தால் இயங்குவது) உள்ள வண்டியில் இதைச் செய்யாதீர்கள். அதன் ரிட்டர்னில் எதிர் அழுத்தம் இருந்தால்தான் அது வேலை செய்யும். ஹெட்டுக்குள்ளேயே ரிட்டர்ன் போகும் லாரி எஞ்சின்களில் பாட்டில் வைக்க வழியில்லை. மொத்த ரிட்டர்னை அளந்து, ஒவ்வொரு பைப்பாக அதற்கென்று உள்ள மூடியால் அடைத்துத்தான் தேட வேண்டும். அந்த மூடி இல்லாமல் போல்ட்டை வைத்து அடைக்கும் வித்தையெல்லாம் வேண்டாம்.

ரெயிலின் கோடியில் பிரஷர் லிமிட் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். அதன் ரிட்டர்னைக் கழற்றி, எஞ்சின் ஓடும்போது சொட்டுகிறதா என்று கவனியுங்கள். ஒரு சொட்டும் வரக் கூடாது. முன்பு ஒருமுறை அதிகப் பிரஷரில் திறந்த வால்வு பிறகு சரியாக உட்காராமல் கசிவதுண்டு.

11. சென்சாரும் மீட்டரிங் யூனிட்டும்

எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துச் சாவியை மட்டும் போடுங்கள். ரெயில் பிரஷர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். சென்சாருக்கு மூன்று வயர்: 5 வோல்ட், எர்த், சிக்னல். பிரஷர் இல்லாதபோது சிக்னல் பெரும்பாலும் அரை வோல்ட். சும்மா நிற்கும்போதே எழுபது, எண்பது பார் காட்டினால் அது ஓடும்போதும் கூட்டித்தான் காட்டும்; கம்ப்யூட்டர் அதை நம்பி உண்மையான பிரஷரைக் குறைத்துவிடும். அந்த வண்டியில் எண்கள் சரியாக ஒத்துப்போகும், இழுவை மட்டும் இருக்காது.

மீட்டரிங் யூனிட்டின் கனெக்டரைப் பிடுங்கி "ஏதாவது மாறுதா" என்று பார்ப்பதை நிறுத்துங்கள். சில மாடல்களில் கரன்ட் இல்லாவிட்டால் அது முழுசாகத் திறக்கும், ரெயில் பிரஷர் எகிறும். சிலவற்றில் மூடிக்கொள்ளும். ஸ்கேனரில் அதன் திறப்பைப் பாருங்கள். பள்ளம் விழும் நேரத்தில் கம்ப்யூட்டர் முழுசாகத் திறக்கச் சொல்லியும் பிரஷர் வரவில்லையென்றால் ஒன்று யூனிட் ஒட்டுகிறது, அல்லது பம்ப் முடியாமல் நிற்கிறது.

12. ஹை பிரஷர் பம்ப்

இங்கே வந்து சேர்ந்தால்தான் பம்பைக் கழற்றும் உரிமை. கழற்றும் முன் மீட்டரிங் யூனிட்டை எடுத்து, அது உட்கார்ந்த குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளி மினுமினுப்பு தெரிந்தால் பம்ப் உள்ளே அரைந்துகொண்டிருக்கிறது. அந்தத் தூள் ரெயிலுக்கும் இன்ஜெக்டருக்கும், ரிட்டர்ன் வழியாக டேங்குக்கும் போயிருக்கும். பம்பை மட்டும் மாற்றினால் பழைய தூளே புது பம்பைத் தின்றுவிடும். முதலாளிக்கு இந்தச் செலவை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாதியில் சொன்னால் நம்மைத்தான் சந்தேகப்படுவார்.

பம்ப் சர்வீஸ் கடைக்கு அனுப்பும்போது வெறும் பம்பை அனுப்பாமல், மேட்டில் எடுத்த எண்களையும் கேஜ் அளவையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவர்கள் பெஞ்சில் எந்தச் சுற்றில், எந்தப் பிரஷரில் சோதிக்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது.

மண்ணெண்ணெய் கலந்த டீசலும், "பயோ டீசல்" என்று ரோட்டோரம் மலிவாக விற்கும் சரக்கும் பம்பைச் சீக்கிரம் கொல்லும். 2020 ஏப்ரல் முதல் வரும் பி.எஸ்.6 டீசலில் கந்தகம் 10 பி.பி.எம். அளவுதான். பம்புக்கு வேண்டிய வழுவழுப்பை அதில் சேர்மானம் போட்டுத்தான் தருகிறார்கள். அதில் வேறு எதையாவது கலந்தால் அந்த வழுவழுப்பு போய்விடும்.

13. மாட்டிய பிறகு

ஹை பிரஷர் பைப்புகளைக் கையால் முழுசாகத் திருகி, நேராக உட்கார்ந்த பிறகே டார்க் ரெஞ்சைப் போடுங்கள். ஸ்பேனரால் இழுத்து உட்காரவைத்த பைப் சில நாளில் விரிசல் விடும். கழற்றினால் புதுசு போட வேண்டும் என்று கையேடு சொல்லும் பைப்புகளும் உண்டு, அங்கே சிக்கனம் பார்க்காதீர்கள். பிரைமர் அடித்து, செல்ஃபைப் பத்து விநாடிக்கு மேல் பிடிக்காமல், நடுவில் ஆறவிட்டு எடுங்கள்.

எஞ்சின் பிடித்ததும் ஸ்கேனரில் கோளாறு எண்ணை அழித்துவிட்டு வண்டியைக் கொடுத்துவிட வேண்டாம். பழைய லோடோடு, அதே மேட்டில், அதே கியரில் மறுபடி ஏற்றுங்கள். முன்பு 500 பார் பள்ளம் இருந்த இடத்தில் இப்போது எவ்வளவு என்று பாருங்கள். நல்ல வண்டியில் மிதித்த கணம் மட்டும் கொஞ்சம் பின்தங்கி உடனே ஒட்டிக்கொள்ளும். எண்களை வண்டி நம்பரோடு நோட்டில் எழுதி வையுங்கள், அடுத்த முறை இதே வண்டி வந்தால் ஒப்பிட உதவும்.

இறங்கி வந்ததும் சூடு ஆறுவதற்குள் எல்லா இணைப்பிலும் அட்டையைக் காட்டி ஒரு பார்வை. ஒரு வாரம் ஓடிய பிறகு சக்சன் பக்கக் கிளிப்புகளை மட்டும் இறுக்க வண்டியை ஐந்து நிமிடம் கொண்டுவரச் சொல்லுங்கள். புது ஹோஸ் சூட்டில் பதிந்து கிளிப் அரைச் சுற்றாவது தளர்ந்திருக்கும்.